முதல் வாரம் அறுபது பேர், மூன்றாவது வாரம் நான்கு பேர்

கேள்வி: ஐயா, தென் மாவட்டம் ஒன்றில், அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த வருஷம் என்னைக் கணித மன்றத்துக்குச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். எங்கள் மன்றம் என்றால் ஜூலையில் தொடக்க விழா, டிசம்பர் 22 அன்று ராமானுஜன் படத்துக்கு மாலை, ஒரு ரங்கோலிப் போட்டி, மார்ச்சில் நிறைவு விழா. அவ்வளவுதான். வாரம் ஒரு நாள் கூடிக் கணக்குப் பேசலாமே என்று ஆசைப்பட்டு, புதன்கிழமை நாலு மணிக்குக் கூட்டம் வைத்தேன். முதல் வாரம் அறுபது பேர் வந்தார்கள். அடுத்த வாரம் பதினொரு பேர். போன வாரம் என்னையும் சேர்த்து நான்கு பேர். வாட்ஸ்அப் குழுவில் 170 பேர் இருந்தும் யாரும் வாய் திறப்பதில்லை. ஹெச்.ஓ.டி. மேடம், "நல்ல சீஃப் கெஸ்ட்டாகப் பார், கூட்டம் தானாக வரும்" என்கிறார். ஒரு கோச்சிங் சென்டர் 15,000 ரூபாய் ஸ்பான்சர் செய்கிறேன் என்கிறது. தோழிகளோ, "இதை விட்டுவிட்டு எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வான ஜாமுக்கோ, டி.என்.பி.எஸ்.சி.க்கோ படி" என்கிறார்கள். பேசாமல் பதவியை விட்டுவிடலாமா? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த எண் அந்த நான்குதான். முதல் வாரம் வந்த அறுபது பேரில் பாதிப் பேர் ஓ.டி. (வகுப்புக்குப் போகாமலே வருகைப் பதிவு) கிடைக்குமா என்று பார்க்க வந்திருப்பார்கள். மீதிப் பேர், புதுச் செயலாளர் எப்படிப் பேசுகிறார் என்று பார்க்க வந்திருப்பார்கள். ஓ.டி. இல்லை, டீ இல்லை, சான்றிதழ் இல்லை என்று தெரிந்தபிறகும் மூன்றாவது புதன்கிழமை மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள் பாருங்கள், அவர்களைப் பற்றிக் கடிதத்தில் நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. யார் அவர்கள், எந்த வருஷம், எதற்கு வந்தார்கள்? எனக்கு அதுதான் தெரிய வேண்டும். உங்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

நான் பல வருஷம் மன்றப் பொறுப்பாசிரியராக இருந்தவன். உங்கள் மேடம் சொல்கிற வழியில் நானும் போயிருக்கிறேன். ஒரு வருஷம் சென்னையிலிருந்து பெரிய பேராசிரியர் ஒருவரை வரவழைத்தேன். வாசலில் ஆளுயர ஃபிளெக்ஸ், செமினார் ஹால் முழுக்கத் தலைகள், குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, வந்தவரை அறிமுகம் செய்ய ஓர் உரை, பொன்னாடை, மொமெண்டோ. இதெல்லாம் முடியவே ஐம்பது நிமிஷம் ஆனது. அப்புறம் அவர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். நல்ல மனிதர், நல்ல கணிதர். ஆனால் மூன்றாவது ஸ்லைடுக்குப் பிறகு பேசியது எனக்கே பிடிபடவில்லை. "எனி கொஸ்டின்ஸ்?" என்று அவர் கேட்டதும், கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "சார், அட்டெண்டன்ஸ் எப்ப எடுப்பீங்க?" என்றாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

அந்த வருஷம் மன்றப் பணம் முழுக்க அன்று ஒரே நாளில் போனது. அடுத்த வருஷம் கையில் காசில்லாமல்தான் எனக்குப் புத்தி வந்தது. ஒரே ஒரு சார்ட் வாங்கினேன். அதில் ஒன்பது சதுரங்களை வெட்டினேன். பக்க அளவு சென்டிமீட்டரில் 18, 15, 14, 10, 9, 8, 7, 4, 1. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு பெஞ்சில் அவற்றைக் கொட்டி, "இந்த ஒன்பதையும் இடைவெளி விடாமல், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் அடுக்கினால் ஒரு செவ்வகம் வரும், செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு என் டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

ஆறு பேர் இருந்தார்கள். ஐந்து பேர் உடனே துண்டுகளை நகர்த்த ஆரம்பித்தார்கள். ஒரு பையன் மட்டும் கை வைக்கவில்லை. பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவன், வகுப்பில் இரண்டு வருஷமாக அவன் குரலையே நான் கேட்டதில்லை. நோட்டின் பின்பக்கத்தில் ஏதோ கூட்டிக்கொண்டிருந்தான். பத்து நிமிஷம் கழித்து, "சார், மொத்தப் பரப்பு 1056" என்றான். "சரி, அதுக்கென்ன?" என்றேன். "18 செ.மீ. சதுரம் உள்ளே போகணும் சார். அப்ப சின்னப் பக்கம் 18-க்குக் கீழே இருக்க முடியாது. 1056-ஐ அப்படி உடைச்சா மூணே வழிதான் இருக்கு. 22-ம் 48-ம், 24-ம் 44-ம், 32-ம் 33-ம்." துண்டுகளை நகர்த்திக்கொண்டிருந்த ஐந்து பேரும் கையை எடுத்துவிட்டார்கள். முதல் இரண்டு வழியும் ஏன் சரிவராது என்று தள்ளவே அவர்களுக்கு அடுத்த வாரம் வரை ஆனது. செவ்வகம் மூன்றாவது வாரம்தான் வந்தது. அதற்குள் ஆறு பேர் பதினான்கு பேர் ஆகியிருந்தார்கள். யாரையும் நான் கூப்பிடவில்லை. சாப்பிட வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், அப்படியே உட்கார்ந்தார்கள்.

அந்தச் செவ்வகம் என் கண்டுபிடிப்பில்லை. போலந்துக்காரர் மோரோன் 1925-இல் வெளியிட்டது. அதன் தொடர்ச்சியாக ஒரு மாணவர் மன்றக் கதை இருக்கிறது, உங்கள் நால்வருக்கும் சொல்லுங்கள். கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியில் 1919-இல் தொடங்கிய கணிதச் சங்கம் ஒன்று உண்டு. 1930-களின் நடுவில் அங்கே பிரூக்ஸ், ஸ்மித், ஸ்டோன், டட் என்று நான்கு மாணவர்கள் நண்பர்களானார்கள். டட் கணித மாணவர்கூட இல்லை, வேதியியல் படிக்க வந்தவர். ஒரு சதுரத்தை, ஒன்றுக்கொன்று அளவு ஒத்துப்போகாத சின்னச் சதுரங்களாக மிச்சமில்லாமல் வெட்ட முடியுமா என்ற கேள்வி இவர்களைப் பிடித்துக்கொண்டது. சதுரம் எளிதில் மசியவில்லை. வழியில் செவ்வகங்கள்தான் வகைவகையாகக் கிடைத்தன.

அப்படிக் கிடைத்த ஒன்றின்மேல் பிரூக்ஸுக்கு ஆசை வந்து, அதைத் துண்டுகளாக வெட்டிப் புதிர் விளையாட்டாகச் செய்தார். அவருடைய அம்மா அதை எடுத்து உட்கார்ந்து அடுக்கினார். செவ்வகம் வந்தது. ஆனால் பிரூக்ஸ் வெட்டிய அடுக்கு அது இல்லை! அதே துண்டுகள் முற்றிலும் வேறு விதமாகப் பொருந்தியிருந்தன. நான்கு பேரும் அவசரக் கூட்டம் போட்டு மண்டையை உடைத்துக்கொண்டார்கள். செவ்வகத்துக்குள் சதுரங்கள் அமர்வதும் கம்பி வலையில் மின்சாரம் பாய்வதும் ஒரே கணக்குத்தான் என்பதை அவர்கள் முன்பே பிடித்திருந்தார்கள். ஒவ்வொரு சதுரமும் ஒரு கம்பி, அதன் பக்க அளவுதான் அதில் ஓடும் மின்னோட்டம். பிளஸ் டூ இயற்பியலில் படித்த கிர்க்காஃப் விதி அப்படியே இங்கே வந்து உட்காரும். அம்மா வைத்த புதிருக்கும் அதே வழியில்தான் காரணம் தேடினார்கள். கடைசியில் சதுரமும் வழிக்கு வந்தது. 1940-இல் நால்வரும் சேர்ந்து எழுதிய கட்டுரை வெளியானது. அந்த டட்தான் பின்னாளில் உலகப் போரின்போது, ஜெர்மானியரின் லோரன்ஸ் மறையீட்டு இயந்திரத்தைக் கண்ணால் பார்க்காமலே அதன் உள்ளமைப்பைக் கணித்துச் சொன்னவர். அந்த டிரினிட்டி நண்பர்களின் எண்ணிக்கையும் நான்குதான் என்பதைக் கவனித்திருப்பீர்கள். உங்களுக்காக நான் இட்டுக்கட்டவில்லை.

இனி உங்கள் காரியத்துக்கு வருகிறேன்.

முதலில் நேரத்தை மாற்றுங்கள். நாலு மணி சரிப்படாது. கிராமத்துப் பஸ்ஸை விட்டால் அடுத்தது எத்தனை மணிக்கு என்று உங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். பெண் பிள்ளைகள் வீடு போய்ச் சேர ஒரு மணி நேரம் பிந்தினால் வீட்டில் என்ன கேள்வி வரும் என்பது எனக்கு உங்கள் அளவுக்குத் தெரியாது, ஆனாலும் தெரியும். வராதவர்களை ஆர்வமில்லாதவர்கள் என்று எழுதிவிடாதீர்கள். மதிய இடைவேளையில் நாற்பது நிமிஷம், டிபன் பாக்ஸோடு வரலாம் என்று சொல்லிப் பாருங்கள். ஒரே கிழமை, ஒரே அறை. செமினார் ஹால் கேட்காதீர்கள். நான்கு பேர் அதில் உட்கார்ந்தால் துக்க வீடு மாதிரி இருக்கும். கரும்பலகை உள்ள சின்ன வகுப்பறை போதும்.

இரண்டாவது, வாட்ஸ்அப். 170 பேரிடம் "யார் யார் வருகிறீர்கள்?" என்று கேட்டால் ஒருவரும் பதில் போடமாட்டார்கள். அங்கே முதலில் கை தூக்க எல்லோருக்கும் கூச்சம். செவ்வாய் இரவு ஒரு கேள்வியை மட்டும் போடுங்கள். வணக்கமும் வேண்டாம், பொன்மொழியும் வேண்டாம். விடையை யாராவது அங்கேயே எழுத வந்தால், "நாளைக்குப் போர்டில் வந்து எழுது" என்று சொல்லுங்கள்.

எப்படிப்பட்ட கேள்வி என்று கேட்பீர்கள். முதலாண்டுப் பிள்ளைக்கும் என்ன கேட்கிறோம் என்பது புரிய வேண்டும், மூன்றாமாண்டுப் பிள்ளைக்கும் உடனே விடை வரக் கூடாது. டிசம்பர் 22 வரப்போகிறதே, அதிலிருந்தே ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். 2012 முதல் அந்த நாளைத் தேசியக் கணித நாளாகக் கொண்டாடி வருகிறோம். படம், மாலை, 1729, டாக்ஸி கதை. மனிதர் கேட்ட கேள்வியை மட்டும் யாரும் தொடுவதில்லை. 1911-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் ராமானுஜன் ஒரு கேள்வி போட்டார்.

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + ...)))) என்று முடிவில்லாமல் போனால் மதிப்பு என்ன?

மாதக்கணக்கில் காத்திருந்தும் யாரும் விடை அனுப்பவில்லை. அவரே சொன்னார்: 3. போர்டில் இப்படிப் போடுங்கள். 3 = √9 = √(1 + 2 × 4). அந்த 4 = √16 = √(1 + 3 × 5). அந்த 5 = √25 = √(1 + 4 × 6). இப்படியே போகும். எல்லோரும் "ஆகா" என்பார்கள். அந்த "ஆகா"வோடு நிறுத்தினால் அது விழா. நிறுத்தாமல் அடுத்த வரியை எழுதுங்கள். 4 = √16 = √(1 + 2 × 7.5). அந்த 7.5 = √56.25 = √(1 + 3 × 18.41...). இதுவும் இப்படியே போகும். அப்படியானால் விடை 3-ஆ, 4-ஆ?

இந்த இடத்தில் அறை அமைதியாகும். சுண்ணாம்புக் கட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு நீங்கள் பின் பெஞ்சுக்குப் போய் உட்காருங்கள். ரியல் அனாலிசிஸ் வகுப்பில் எல்லை, ஒருங்குதல் என்று தேர்வுக்காகப் படித்தது எதற்காக என்று அன்றைக்குத்தான் உங்கள் வகுப்புக்கு விளங்கும். எனக்கும் மாணவனாகப் படித்தபோது விளங்கவில்லை, ஆசிரியராகி நாலைந்து வருஷம் கழித்துத்தான் விளங்கியது.

பேச்சு தமிழில் இருக்கட்டும். குரூப், ரிங், லிமிட் எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே இருந்துவிட்டுப் போகட்டும், வாக்கியம் தமிழில் வரட்டும். என் பெஞ்சில் 1056 என்று சொன்ன பையன், ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும் என்றிருந்தால் இன்றுவரை சொல்லியிருக்கமாட்டான்.

மேடம் விஷயத்துக்கு வருவோம். அவரை எதிர்த்துக்கொள்ளாதீர்கள், அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீடு வரும்போது ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அறிக்கை, வருகைப் பதிவு, ஜியோடேக் போட்டோ (எடுத்த இடம் பதிந்த படம்) என்று கேட்டு அவர் உயிரைத்தான் எடுப்பார்கள். ஒரு சீஃப் கெஸ்ட் விழா என்றால் இது எல்லாமே ஒரே நாளில் முடிந்துவிடும், அதனால்தான் அப்படிச் சொல்கிறார். நீங்கள் ஒவ்வொரு புதன்கிழமையும் ஜியோடேக் போட்ட ஒரு படம் எடுங்கள். யார் வந்தார்கள், என்ன கேள்வி, எதுவரை போனோம் என்று அரைப்பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வருஷக் கடைசியில் அவர் கையில் இருபது நிகழ்ச்சிகள் இருக்கும். அதன்பிறகு அவரே உங்களுக்காகப் பேசுவார். கட்டாயம் யாரையாவது அழைத்தே ஆகவேண்டும் என்றால், உங்கள் துறையிலேயே படித்துவிட்டு இப்போது வங்கியிலோ பள்ளியிலோ வேலை பார்க்கும் ஒருவரைக் கூப்பிடுங்கள். இருபது நிமிஷம் பேசட்டும். வரும்போது கணக்கு ஒன்றைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். பொன்னாடையை வேண்டுமானால் போடுங்கள், அதைத் தவிர்க்க முடிந்த கல்லூரியை நான் இதுவரை பார்த்ததில்லை.

கோச்சிங் சென்டர் பணம் வேண்டாம். 15,000 ரூபாய் எதற்குத் தருகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். மேடையில் அரை மணி நேரமும், பிள்ளைகளின் பெயரும் செல்பேசி எண்ணும் எழுதிய பட்டியலும் கேட்பார்கள். அந்த எண்களைக் கொடுக்கும் உரிமை உங்களுக்குக் கிடையாது. வருஷம் முழுக்க அழைப்பு வந்தால் பிள்ளைகள் திட்டப்போவதும் உங்களைத்தான். அப்புறம், உங்களுக்கு அவ்வளவு பணத்துக்கு என்ன செலவு இருக்கிறது? சார்ட், கத்தரிக்கோல், கலர் சாக்பீஸ், ஒரு நீளநோட்டு. சில நூறு ரூபாய் சமாச்சாரம். மன்றக் கட்டணம் என்று கல்லூரி வசூலிக்கிறதே, அதிலிருந்து ரசீது கொடுத்துக் கேளுங்கள்.

அந்த நீளநோட்டை மட்டும் அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு வாரக் கேள்வியும் அதில் ஏற வேண்டும், விடை கிடைக்காதவையும்தான். ஜனவரிக்குள் அது இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் பைக்குள் போய்விட வேண்டும். மார்ச்சில், மேடையில் வைத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தால் நடக்காது. அப்போது எல்லோருக்கும் பரீட்சைக் காய்ச்சல் வந்துவிடும்.

தோழிகள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. வீட்டு நிலவரம் உங்களுக்குத்தான் தெரியும். ஜாம் பிப்ரவரியில் வரும். எழுதப் போகிறீர்கள் என்றால் டிசம்பர் விழாவோடு நிறுத்திக்கொண்டு படியுங்கள், யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். அதுவரை வாரம் நாற்பது நிமிஷம் நஷ்டமாகாது. எம்.எஸ்சி. நேர்முகத்தில் போர்டு முன்னால் நிறுத்தி, "இதை எப்படி யோசிப்பாய்?" என்று கேட்கும்போது, நாலு பேர் முன்னால் தப்பாகப் போட்டு, அழித்து, மறுபடி போட்டுப் பழகிய கைக்கு நடுக்கம் குறைவு. உங்கள் ஜூனியர்களிடம் எம்.டி.டி.எஸ். என்ற கணிதக் கோடை முகாமைப் பற்றியும் சொல்லிவையுங்கள். பேராசிரியர் குமரேசன் 1993-இல் தொடங்கியது, இளநிலை மாணவர்களுக்கும் இடம் உண்டு. அங்கே ஆசிரியர் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார், பிள்ளைகள்தான் பதில் சொல்லிச் சொல்லிப் பாடத்தைக் கட்ட வேண்டும். புதன்கிழமை பெஞ்சில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அது புது ஊராகத் தெரியாது.

பதவியை விடலாமா என்றால், விட்டாலும் சரி, வைத்துக்கொண்டாலும் சரி. விழா வேலைகள் உங்களை அரித்துத் தின்கிறது என்றால், மேடை பிடித்தவர் ஒருவர் வகுப்பில் கட்டாயம் இருப்பார், அவரிடம் கொடுத்துவிடுங்கள். புதன்கிழமையை மட்டும் கொடுக்காதீர்கள். இந்தியக் கணிதச் சங்கம் எப்படித் தொடங்கியது தெரியுமா? 1907-இல் ராமஸ்வாமி ஐயர் என்ற டெபுடி கலெக்டர், கணக்கில் பித்துள்ள ஆட்களுக்குக் கடிதம் போட்டு, "அனலிடிக் கிளப்" என்று ஒன்றை ஆரம்பித்தார். அவரவர் காசு போட்டுப் புத்தகமும் பத்திரிகையும் வாங்கி, தபாலில் சுற்றுக்கு விடுவது என்று ஏற்பாடு. வரி வசூல் வேலைக்கு நடுவே ஒருவர் செய்த காரியம் அது. 1910-இல், வேலை கேட்டுத் திருக்கோவிலூருக்கு அவரைத் தேடி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்ற இளைஞர்தான் ராமானுஜன்.

ஒன்பது சதுரங்களையும் இந்த வாரமே வெட்டிவிடுங்கள். அளவு பிசகாமல் வெட்டுங்கள், ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் பையன்கள் சார்ட் மேல் பழி போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அடுக்கு எப்படி என்று நான் சொல்லவில்லை, கவனித்தீர்களா? மூன்று வாரம் ஆகியும் வராவிட்டால் எழுதுங்கள். அதற்கு முன்னால் எழுதினால் பதில் போடமாட்டேன்.